ஒன்பது யார் பாவு

பௌத்தாலோக மாவத்தைப் பெரிய மண்டபத்தில்
எங்கள் கடை இலக்கம் நாற்பத்தேழு.
வலப்பக்கம் ஒட்டாத தோசைக்கல் விற்கிறவர்,
இடப்பக்கம் முதுகு பிடித்துவிடும் கதிரை.
நடுவில் ஒரு தறி, ஒரு இராட்டை,
நானும் யோகமலரும்.

ஒன்பது யார் பாவு ஏற்றித் தந்திருக்கிறார்கள்.
மருதமுனையில் அது எனக்கு ஒரு பகல்:
லுஹருக்கு முன் ஐந்து, அசருக்குள் மிச்சம்.
சாரன் கணக்குக்குத்தான் கூலி;
கால் தானாய் ஓடும்.
இங்கே அது மூன்று நாளுக்கு.
"மெதுவாய் தங்கச்சி, மெதுவாய்" என்கிறார்
கழுத்தில் அட்டை தொங்கும் ஹேமால் சேர்.
"முடிந்துபோனால் எதைக் காட்டுவது?"

மெதுவாய் நெய்ய எனக்கு
யாரும் இதுவரை கூலி தந்ததில்லை.
முதல் நாள் கால் சொல்வழி கேட்கவில்லை.
மிதித்துவிட்டு எண்ணினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
பிறகுதான் கயிற்றைச் சுண்டினேன்.
நாடா மறுகரைக்குப் போய்
என்ன சுகமில்லையா என்பதுபோல் முட்டி நின்றது.

யோகமலர் பாடு இன்னும் மோசம்.
செட்டிகுளத்தில் அவள் தைப்பது பள்ளிக்கூடச் சீருடை.
இராட்டையை முதன்முதல் தொட்டது
போன கிழமை, ராஜகிரியவில்,
இரண்டு நாள் பயிற்சியில், பகல் சாப்பாட்டோடு.
"எத்தனை தலைமுறையாய்?" என்று கேட்கிறார்
கமராவோடு வந்த ஒரு ஐயா.
திரியை இழுத்தபடியே அவள்
"இன்றைக்குப் பத்தாவது நாள்" என்கிறாள்.
பகிடி என்று சிரிக்கிறார்.
சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொள்கிறார்.

அவள் நூற்ற நூல்
ஓரிடத்தில் மயிர், ஓரிடத்தில் மண்புழு.
நான் நெய்கிற நூலோ லொறியில் வருவது,
பொதியில் இலக்கம் அடித்து.
ஆனாலும் இரண்டாம் நாள்
ஆட்கள் சாப்பிடப் போன நேரம்
ஒரு தார் சுற்றி நீட்டினாள்.
போட்டுப் பார்த்தேன்.
அதற்குள் கூட்டம் திரும்பிவிட்டது.
மூன்று தரம் அறுந்தது,
மூன்று தரமும் கைதட்டினார்கள்,
முடிச்சுப் போடுவதும் காட்சியில் சேர்த்தி என்று.

பிறகு கொட்டாஞ்சேனைப் பிள்ளையொன்று,
நீலக் கழுத்துப்பட்டி, ஒரு பல் இல்லை,
"நான் ஒருக்கா?" என்றது.
விட்டேன். அதோடு வரிசை வந்துவிட்டது.
பொலிஸ்காரர் ஒருவர் தொப்பியை
யோகமலர் கையில் கொடுத்துவிட்டு
கோயில் மணிபோல் கயிற்றை இழுத்தார்.
மருதாணி காயாத ஒருத்தி
அச்சைத் தொட்டுத் தொட்டு விட்டாள்,
அந்த இடத்தில் துணி வலைபோல் கிடக்கிறது.
தோசைக்கல்காரர் கடையை விட்டு வந்து
ஐந்து இழை ஓட்டினார்.
போனவர் திரும்பி வந்து இன்னும் இரண்டு.
பயந்தவர்கள் இறுக்கினார்கள்,
பயமில்லாதவர்கள் தொங்கவிட்டார்கள்.
கரை உள்ளே போனது, வெளியே வந்தது,
மட்டக்களப்பு வாவியின் ஓரம்போல.

மூன்றாம் நாள் ஐந்து மணிக்குப் பாவு தீர்ந்தது.
அறுத்து இறக்கினோம்.
ஹேமால் சேர் விரித்துப் பார்த்து
நடுவில் இரண்டு யாருக்கு
நீலப் பென்சிலால் கோடு போட்டார்.
"இது கழிவு."
ஊரில் அந்தக் கோட்டுக்குக் கூலியில் வெட்டு.
இங்கே மூன்று நாள் காசும் முழுதாய்,
முத்திரை ஒட்டிக் கையெழுத்து.

"என்னுடையது எங்கே?" என்று வந்தார் தோசைக்கல்காரர்.
காட்டினேன்.
ஏழையும் விரலால் தடவி எண்ணினார்.
ஆறுதான் என்றார்.
ஏழாவது யோகமலரின் மண்புழுவுக்குள்
ஒளிந்திருந்தது.

கழிவை ஆளுக்கு ஒரு யார் பிரித்துக்கொண்டோம்.
கல்முனை பஸ்ஸில் ஏசி விறைத்தது,
காலில் சுற்றிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் தறியில் ஏறினேன்.
மிதித்தேன்.
கயிற்றைச் சுண்ட முன்
கால் எண்ணத் தொடங்கிற்று.
பக்கத்துத் தறி றம்சியா எட்டிப் பார்த்து
"என்ன றினோசா,
நூல் அறுந்துபோச்சா?" என்றாள்.